படை அதிகாரிகளின் பழைய சீருடைகளும் சின்னங்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசையைப் பற்றிப் பேசுவதும் உண்டு. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ துணிமணியைப் பற்றியது. படை அதிகாரிகள் அணிந்து கழித்த பழைய சீருடைகளையும், அவற்றில் துலங்கிய தோட்சின்னம், பொத்தான், தொப்பிச்சின்னம் ஆகியவற்றையும் தேடிச் சேர்த்துக் காக்கும் முயற்சியைப் பற்றியது. இது ஏதோ செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிட வேண்டா. தமிழ்நாட்டிலிருந்து தலைநகருக்கு நம்மவர் வந்த வழிகள் பலவாயினும் பெருவழிகள் இரண்டு. ஒன்று செயலகத்து எழுத்துப்பணி, மற்றொன்று படைப்பணி. முன்னதன் நினைவுச் சின்னமாகக் கோப்புகள் எங்கோ இருக்கின்றன. பின்னதன் நினைவுச் சின்னமோ நம் வீட்டுப் பரண்மீதே கிடக்கிறது.

இந்நகரத்துத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் ஒரு பெயரும் படைப்பிரிவும் எழுதியிருக்கும். பெட்டிக்கு உரியவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கும். மகன் கடல்கடந்து வாழ்கிறான். மகள் பெங்களூரில் இருக்கிறாள். பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்ட நாள் குறித்தாகிவிட்டது. பெட்டியை என்ன செய்வது? தெருவில் கபாடிவாலா குரல் கொடுக்கிறான். பெட்டி இரும்பு விலைக்கும், பொத்தான் பித்தளை விலைக்கும் போகின்றன. உடையில் சரிகைப் பின்னல் இருந்தால் அதன் கதியே வேறு. பழம்பட்டுப் புடவையின் சரிகையை எரித்து வெள்ளி எடுக்கும் வழக்கத்தை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். அந்த நெருப்பிலேயே இதுவும் விழுகிறது. எஞ்சிய தோட்சின்னம் ஒன்று பள்ளி மாறுவேடப் போட்டிக்காகப் பேரனின் தோளில் ஊசியால் குத்தப்பெற்று, மாலையில் ஆட்டோவிலேயே விழுந்துபோகிறது.

நாம் கூற விழைவது ஒன்றே. பழைய சீருடையின் மதிப்பு அதன் சரிகையில் இல்லை. அதை அணிந்தவர் யார், எப்போது, எங்கே என்னும் செய்தியில் இருக்கிறது. அச்செய்தியை உடையோடு பிணைத்து வைக்கக் கூடியவர்கள் வீட்டார் மட்டுமே. வணிகனாலும் இயலாது, அருங்காட்சியகத்தாலும் இயலாது.

படைச்சின்னம் என்பது வெள்ளையர் கற்பித்த புதுமை என்று கருதுவோர் உண்டு. நம் புறத்திணைகளின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எல்லாம் பூக்கள். வீரன் எந்தப் பூவைச் சூடினானோ அதுவே அவன் மேற்கொண்ட வினையைக் காட்டியது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. களத்தில் தம் படை எது, மாற்றார் படை எது என்று அறிவதற்கு இவை உதவின. சிறந்த படைத்தலைவனுக்கு அரசன் ‘ஏனாதி’ என்னும் பட்டமும் அதற்குரிய மோதிரமும் அளித்தான். வாடும் பூ உலோகமாயிற்று. விரலிலிருந்த சின்னம் தோளுக்கு ஏறிற்று.

ஓர் உடை எத்துணை ஆழமாக மனிதனைத் தொடும் என்பதற்கு வேலூர்க் கோட்டையே சான்று. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதிய உடைவிதி விதித்தார். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, அணிவகுப்பில் காதணி கூடாது, தலைப்பாகைக்கு மாறாகத் தொப்பி போன்ற ஒரு வடிவம், அதன்மேல் தோலால் செய்த குஞ்சம். மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் இந்துவையும் முகம்மதியரையும் ஒருங்கே வருத்தியது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றைக்கே அக்கிளர்ச்சியைக் குருதியில் அடக்கியது. ஆயினும் அந்த உடைவிதி திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். திப்புவின் மக்கள் அக்கோட்டையில் காவலில் இருந்தமையும் பிற குறைகளும் காரணங்களில் அடங்கும் என்பர் வரலாற்றாசிரியர். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் தீப்பொறி விழுந்தது தலைப்பாகையில்தான்.

அக்காலத்துக் கம்பெனிச் சிப்பாய் அணிந்தது சிவப்புச் சட்டை. புழுதியின் நிறம் பின்னர் வந்தது. 1840களின் இறுதியில் பெஷாவர்ப் பகுதியில் ‘கைட்ஸ்’ படையைத் திரட்டிய ஹாரி லம்ஸ்டன் மங்கலான நிறத்தில் உடை கொடுத்தார். ‘காக்’ என்றால் மண், புழுதி. அதிலிருந்து பிறந்ததே காக்கி. இன்று உலகப் படைகள் பலவற்றின் சொல்லாகிவிட்ட அது இந்நாட்டு மண்ணின் பெயர்தான். அதிகாரிகள் தோளின் குறுக்கே அணியும் தோல்கச்சைக்கும் இந்நாட்டிலேயே பிறந்த கதை உண்டு. 1858இல் நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார் சாமுவேல் பிரௌன் என்னும் அதிகாரி. உறையைப் பிடிக்க இடக்கை இல்லாதவன் வலக்கையால் வாளை எப்படி உருவுவான்? இடுப்புக் கச்சையில் வாளுறை அசையாது நிற்கும்படி தோள்வார் ஒன்றைச் சேர்த்தார். ஒரு கை இழந்தவரின் தேவை, இரண்டு கையும் உள்ள எல்லார்க்கும் வழக்காயிற்று!

இனி, சேர்ப்போர் ஏன் சிப்பாயின் உடையைவிட அதிகாரியின் உடையை மிகுதியாக நாடுகின்றனர் என்பதைச் சொல்ல வேண்டும். பகட்டு ஒரு காரணம்தான். அதனினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. சிப்பாய்க்கு உடை பண்டகசாலையிலிருந்து வரும். பழுதானால் திரும்பப் போகும். அதிகாரியோ தம் உடையைத் தம் பணத்தில் தைத்துக்கொள்ள வேண்டும். இலண்டனிலும் கல்கத்தாவிலும் இதற்கென்றே தையற்கடைகள் இருந்தன. கல்கத்தாவின் ராங்கென் கம்பெனி பெயர் பெற்றது. நல்ல தையற்காரர் உள்பையில் துணி வில்லை ஒன்றைத் தைத்து, உடைக்குரியவர் பெயரையும் நாளையும் மையால் எழுதிவைப்பார். மை மங்கியிருக்கும், ஆயினும் அதுவே உடையின் பிறப்புச் சான்று. பழைய கோட்டு ஒன்று கைக்கு வந்தால் தேர்ந்தவர் முதலில் பார்ப்பது தோளை அன்று, உள்பையை. அடுத்து, பொத்தானைத் திருப்பிப் பார்ப்பார். ஃபர்மின், காண்ட் முதலிய உற்பத்தியாளர் பெயர் பின்புறத்தில் பொறித்திருக்கும்.

பிறகுதான் தோள். இதனைச் சிறிது விரித்துச் சொல்கிறோம். ஏனெனில் நம் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக் கூடிய எழுத்து இது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் தோளில் இருந்தவை முடியும் விண்மீனும். விக்டோரியா காலத்து முடியின் வளைவுகள் உச்சியில் நடுவே தாழ்ந்திருக்கும். 1901க்குப் பின் வந்த முடியோ கவிந்த கிண்ணம்போல் உருண்டிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே உடை அந்நூற்றாண்டினதா இந்நூற்றாண்டினதா என்று அக்காலத்தார் தரம் பிரித்தனர். விண்மீன் உண்மையில் விண்மீன் அன்று; ‘பாத்’ என்னும் ஆங்கில வீரப்பட்டத்தின் சின்னம். நடுவே மூன்று சிறு முடிகள். சுற்றிலும், மூன்றும் ஒன்றாய் இணைந்தன என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர்.

1950 ஜனவரி 26ஆம் நாள் நாடு குடியரசாயிற்று. முடி இறங்கிற்று, அசோகச் சிங்கம் ஏறிற்று. ‘பாத்’ சின்னம் போய் ஐந்துமுனை விண்மீன் வந்தது. ஒரு விண்மீன் முன்பு வழக்கிலிருந்த இரண்டாம் லெப்டினண்ட், இரண்டு லெப்டினண்ட், மூன்று கேப்டன், சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர், சிங்கத்தோடு ஒரு விண்மீன் லெப்டினண்ட் கர்னல், இரண்டு கர்னல், மூன்று பிரிகேடியர். அதற்குமேல் வாளும் கோலும் குறுக்கிட்ட சின்னம் தொடங்கும்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. முடி பொறித்த சின்னம் கண்டவுடன் ‘இது விடுதலைக்கு முந்தியது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1947 ஆகஸ்டு முதல் 1950 ஜனவரி வரை நாம் விடுதலை பெற்ற நாடாயினும் குடியரசு அல்லோம். 1947-48இல் காஷ்மீரப் பனியில் போரிட்ட நம் அதிகாரிகளின் தோளில் ஆங்கில முடியே இருந்தது. எனவே தாத்தாவின் கோட்டில் முடியைக் கண்டு, வெள்ளையனுக்கு உழைத்தார் என்று முகம் சுளிக்கும் பேரன், அக்கோட்டு எந்த ஆண்டினது என்பதை முதலில் கேட்டறிதல் நலம்.

ஒரே மனிதரின் பணிக்காலத்தில் இம்மாற்றங்கள் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். நம் கொங்கு நாட்டுக் குமாரமங்கலம் குடும்பத்தில், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த டாக்டர் சுப்பராயனின் மகனாகத் தோன்றியவர் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். இந்தியர்க்கு அரசரின் அதிகாரிப் பட்டயம் கிடைக்கும் வாயில் 1918ஆம் ஆண்டில்தான் திறந்தது. சாண்டர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்தே இடங்கள்! அதற்கு முன் இந்தியன் எத்துணை வீரனாயினும் சுபேதார், ஜமேதார் நிலைக்கு மேல் ஏறுதல் அரிது. 1932இல் டேராடூன் கழகம் திறந்த காலத்தை ஒட்டி, இங்கிலாந்தில் பயின்று 1933இல் அதிகாரியானார் குமாரமங்கலம். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்டு, பகைவரிடம் சிறைப்பட்டு மீண்டார். ‘பாத்’ விண்மீனோடு தொடங்கிய அவர், 1966 முதல் 1969 வரை இதே தில்லியில் தரைப்படைத் தலைவராக விளங்கியபோது அவர் தோளில் இருந்தது சிங்கம்.

தமிழரின் பழைய படைப்பிரிவுகளைச் சார்ந்த சின்னங்கள் கிடைப்பது அரிது. அதற்குக் காரணமும் உண்டு. சென்னைப் படைப்பிரிவுகளின் வேர் 1758ஆம் ஆண்டளவிற்குச் செல்கிறது. 1803 செப்டம்பர் 23இல் நடந்த அசாயிப் போரின் நினைவாக வந்த யானை இன்றும் மதராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் நடக்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ‘போர்க்குடியினர்’ வடமேற்கே மட்டும்தான் பிறக்கின்றனர் என்றொரு கொள்கை கிளம்பிற்று. சென்னையில் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபுவே அதற்கு முன்னின்றார். அதன் பயனாகச் சென்னைப் படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பின் எஞ்சிய காலாட்படையும் கலைந்தது. சென்னைச் சாப்பர் பிரிவு மட்டும் நிலைத்தது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகே மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் மறைந்த பிரிவுகளின் பொத்தான் ஒன்று கிடைத்தாலும் அது ஒரு பழியுரைக்கு மறுப்புரை ஆகும்.

அரியது எதுவோ அதற்குப் போலியும் உண்டு. காசியில் சர்தோசி வேலைப்பாட்டில் தேர்ந்த கைவினைஞர்கள் பல நாடுகளின் படைகளுக்கும் சங்கங்களுக்கும் சரிகைச் சின்னங்கள் தைத்து அனுப்புகிறார்கள். நம் சாந்தனி சௌக்கிற்கு அருகில் கினாரி பஜாருக்குப் போனால் அவ்வேலைக்குரிய சரிகைகள் எல்லாம் கடைகளில் தொங்கக் காணலாம். அவர்கள் தொழில் நேர்மையானது. நேற்றுத் தைத்ததைத் தேநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தி, நூறாண்டுப் பழமை என்று விற்கும் இடைத்தரகனே குற்றவாளி. புறஊதா விளக்கொளியில் காட்டினால் பிற்கால நூல் நீலமாய் ஒளிரும். பழைய பருத்தி நூல் மங்கிக் கிடக்கும். இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் பழையதும் ஒளிரக்கூடும். ஆகவே இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது. உலோகச் சின்னமாயின், அச்சில் அடித்தது கூர்மையாக இருக்கும். பழையதை வைத்து அச்சு எடுத்து வார்த்தது சற்றே சிறுத்து, முகம் மழுங்கி, புள்ளி புள்ளியாய்க் குழிந்திருக்கும்.

காக்கும் முறையில் நம் வீட்டுப் பழக்கங்களே சில நேரம் பகையாகின்றன. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பது நம் குலவழக்கம். அதிகாரியின் பொத்தான் வெறும் பித்தளை அன்று. பெரும்பாலும் பொன்முலாம் பூசியது. இரண்டு முறை தேய்த்தால் முலாம் போயிற்று, பெயரெழுத்தும் போயிற்று. செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் தீது. அத்தாளில் உள்ள அமிலம் துணியை மஞ்சளாக்கி இற்றுப்போகச் செய்யும். நாட்கணக்கில் கம்பியில் தொங்கவிட்டால் கோட்டின் கனத்தை அதன் தோளே தாங்காது. பலமுறை வெளுத்த, கஞ்சி போடாத பழைய வேட்டியைப்போல் இதற்கு ஏற்ற உறை வேறில்லை. அதில் சுற்றிக் கிடத்தி வையுங்கள். மடிப்பு விழும் இடங்களில் துணியைச் சுருட்டி அணையாக வையுங்கள். அந்துருண்டை வைக்கலாம், ஆனால் துணியையோ சரிகையையோ அது தொடலாகாது. மழைக்காலம் முடிந்து தில்லியில் காற்று உலர்ந்தவுடன் ஒருமுறை திறந்து, நிழலில் ஆற்றி, கம்பளியில் பூச்சி அரித்த அடையாளம் உண்டா என்று பார்த்தால் போதும்.

சட்டத்தையும் ஒரு சொல் கூறிவிடுவோம். படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்னும் கருத்தோடு படையுடையையோ சின்னத்தையோ அணிவது குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு அதற்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கிறது. நூறாண்டு கடந்த பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்திற்குள் வரக்கூடும்; அதனை அயல்நாட்டில் உள்ள மகனுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட இயலாது. உடையோடு வாளும் இருந்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பார்த்துப் பழக விரும்புவோர்க்குத் தலைநகரில் இடமா இல்லை? செங்கோட்டையில் நௌபத் கானாவின் மாடியில் அமைந்த போர்நினைவு அருங்காட்சியகத்தில் சீருடைகளும் சின்னங்களும் தொகுக்கப்பெற்றன. ஆனால் நம்மவர் தவறாது காண வேண்டியது அதே கோட்டையில் 2019 ஜனவரி 23இல் திறந்த நேதாஜி, இந்திய தேசிய இராணுவ அருங்காட்சியகம். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும் வழக்கு விசாரணைக்கு நின்ற கோட்டை அது. அப்படையின் உடைகளும் சின்னங்களும் அங்கே உள்ளன. 1943இல் சிங்கப்பூரில் சென்னைப் பெண்மணியாகிய டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை திரண்டபோது, மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து காக்கி உடை அணிய முன்வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவ்வுடைக்குச் சரிகை இல்லை, பொன்முலாம் இல்லை, இலண்டன் தையற்காரரின் வில்லையும் இல்லை. சந்தையில் எடை போட்டால் ஒன்றும் தேறாது. அணிந்தவள் பெயர் தெரிந்தால் மட்டும் அதற்கு விலை கூற எவராலும் இயலாது. ஊருக்குச் செல்லும்போது சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தையும், வழியில் பெங்களூரில் இறங்கினால் சென்னைச் சாப்பர்களின் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இவையெல்லாம் முடிந்துபோன பழங்கதை என்று எண்ண இடமில்லை. 2022 ஜனவரியில் தரைப்படையின் போர்க்களச் சீருடை புதுவடிவம் பெற்றது. 2023 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து பிரிகேடியரும் அதற்கு மேற்பட்டோரும் தம் பழைய ரெஜிமென்டின் தொப்பியையும் தோட்கயிற்றையும் விடுத்துப் பொதுவான ஒரே உடையை அணிகின்றனர். நேற்று வரை ஒரு பிரிகேடியரின் தொப்பியைக் கண்டே அவர் வளர்ந்த பிரிவை அறிந்தோம். இனி அந்தத் தொப்பியும் பரணுக்குப் போகும். நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றிருக்கும் அன்பர்கள் அதனை எவர்க்கும் கொடுத்துவிட வேண்டா.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்க நூல்நிலையத்தில் தடித்த பதிவேடு ஒன்றை வைக்கத் தலைவர் இசைந்துள்ளார். உங்கள் வீட்டுப் பெட்டியில் உள்ளதை அதில் எழுதுங்கள். உடைக்குரியவரின் பெயர், ஊர், பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள், அவ்வுடையோடு எடுத்த படம் உண்டா, கடிதமோ பணிச்சான்றோ உடன் இருக்கிறதா என்பவற்றை எழுதினால் போதும். அதையே ஒரு தாளில் பென்சிலால் எழுதி உடையின் உள்பையிலும் வைத்துவிடுங்கள். மை வேண்டா, ஈரம் பட்டால் பரவும். சின்னங்களைப் பிரித்து மக்களுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிடும் ஆசை பெற்றோர்க்கு இயல்பு, அருள்கூர்ந்து பிரிக்காதீர்கள். வைத்துக் காக்க இயலாதவர்கள் அந்தந்தப் பிரிவின் மையத்துக்கே எழுதலாம். மதராஸ் ரெஜிமென்டிற்கு நீலகிரி வெலிங்டனில் மையம் உள்ளது. உடையை அணிந்தவர் இன்னும் நம்மோடு இருப்பாராயின், பேரப்பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே அருகில் அமர்ந்து கேட்டு எழுதட்டும். பதிவேடு அடுத்த ஞாயிறு காலை பத்து மணி முதல் மேசைமீது இருக்கும்.